சின்னம்மா கேட்ட படம்

என் பத்தாவது வயதில் ஒரு முகத்தைச் செய்யக் கற்றுக்கொண்டேன். இரண்டு இமைகளையும் பாதி இறக்கிவிட வேண்டும். தாடையைத் தளர்த்தி, நாக்கைத் தடிக்கவைத்துப் பேச வேண்டும். தலை தோளின் மேல் சாய்ந்திருக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்றால் இப்போதும் வரும் என்றுதான் நினைக்கிறேன். முப்பத்திரண்டு வருடங்களாகச் செய்து பார்க்கவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. டிவியும் கேசட் போடுகிற டெக்கும் வாடகைக்கு வந்த காலம் அது. செம்மேட்டுக் கடையில் எடுத்து, பிளாஸ்டிக் மழைக் காகிதத்தில் சுற்றி, ஜீப்பின் பின்சீட்டில் யாராவது ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள். எங்கள் மலையில் ஒவ்வொரு பகுதியையும் நாடு என்போம். தேவனூர் நாட்டில் எங்கள் ஊருக்குத் தார் ரோடு கிடையாது. ரோடு முடிகிற இடத்திலிருந்து டிவி ஆட்களின் தலையில்தான் வரும். மண்பாதையில் அதன் பின்னாலேயே ஓடுவோம். சுமந்து வருகிறவர் வழுக்கிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் ஓடுவோம்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. மேகம் வாசலில் நிற்காமல் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பு வரைக்கும் போனது. கம்பளிகள் காயவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொண்டது. தம்பி பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் துணையாகக் குண்டனி நாட்டிலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். அம்மாவின் தங்கை. இருபது வயது. யாரையும் அரை நாள் பார்த்தால் போதும், அப்படியே செய்து காட்டுவாள். ஊர்ப் பெரியவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது, கணக்கு வாத்தியார் தும்முவதற்கு முன்னால் முகத்தைத் தூக்குவது, கறக்கவிடாத எங்கள் மாடு திரும்பிப் பார்ப்பது. அம்மா சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கிறது என்று அவளை அடிக்கப் போவாள்.

அப்பாவின் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, சின்னம்மாவைக் கட்டலாம் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. முடிவாகவில்லை. சித்தப்பா கீழே லாரியில் கிளீனராக இருந்துவிட்டு மலைக்குத் திரும்பி, செம்மேட்டில் ஒருவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். பேச்சு அதிகம், சிரிப்பு அதைவிட அதிகம். அந்தச் சிரிப்பு அடுத்த ஊருக்குக் கேட்கும் என்பார்கள். டெக்கைக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோருக்கும் சாமி படம் போட்டார்கள். பெண்கள் டிவிக்குச் சூடம் காட்டினார்கள். மத்தியானம் ஊர்ப் பெரியவர் எழுந்து, அடுத்தது சண்டைப் படம், பெண்களும் குழந்தைகளும் வீட்டுக்குப் போகலாம் என்றார். சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கி, திரையில் படம் கையகலமாகச் சுருங்கிவிடும். அதனால் பகலிலேயே பள்ளிக்கூடத்து ஜன்னல்களைக் குச்சிக்கிழங்குச் சாக்குகளால் அடைத்து இருட்டாக்கினார்கள். நான் வீட்டுக்குப் போகிற மாதிரி போய்விட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து, ஒரு சாக்கில் இருந்த துளையில் கண்ணை வைத்தேன். சாக்கில் காய்ந்த மண்ணும் கிழங்குப் பாலும் நாறின. முதுகில் மழை இறங்கியது.

அது சண்டைப் படம் இல்லை. பேய்ப் படங்களைக் கேலி செய்கிற படம். அதற்கு முந்தின வருடம் இதே பள்ளிக்கூடத்தில் நிஜமான பேய்ப் படம் ஒன்று போட்டு, ஒரு மாதம் யாரும் இருட்டிய பிறகு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. அதில் எதற்கெல்லாம் பயந்தார்களோ, இதில் அதற்கெல்லாம் சிரித்தார்கள். ஊஞ்சல் தானாக ஆடும். அடியில் ஒரு போலீஸ்காரர் மாட்டிக்கொண்டு கிடப்பார். வெள்ளைப் புடவைக்காரி கிணற்றிலிருந்து ஏறுவாள். பாதியில் புடவை தண்ணீர் இறைக்கிற சகடையில் சிக்கிக்கொள்ளும். பாழடைந்த பங்களாவுக்கு வருகிற ஆண்களை அந்தப் பேய் பயமுறுத்துவதில்லை. இமைகளைப் பாதி மூடிக்கொண்டு, தடித்த நாக்கோடு கொஞ்சிக்கொண்டே துரத்தும். விரட்ட வந்த பூசாரி வேட்டியை விட்டுவிட்டு ஓடினான். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். எனக்குப் புரியாத வசனங்களுக்குத்தான் உள்ளே இருந்தவர்கள் அதிகம் சிரித்தார்கள். அப்பா பின்வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தேன். ஊர்ப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சித்தப்பா தரையில் புரண்டார்.

பாதிப் படத்தில் சாக்கு நனைந்து தொங்கி, திரை மறைந்துபோனது. மீதி எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரியே சின்னம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். என்ன காட்டினார்கள், எதற்கு அப்படிச் சிரித்தார்கள் என்று கேட்டாள். வார்த்தையால் சொல்ல எனக்கு வரவில்லை. முகத்தைச் செய்து காட்டினேன். அவள் ஒரு முறை பார்த்தாள். பிறகு அவள் செய்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் வந்தவளைவிட நன்றாக இருந்தது.

அடுத்த பத்து நாட்கள் எங்கள் வீட்டில் அந்தப் பேய் குடியிருந்தது. கிழங்குத் தோல் சீவும்போது, தம்பியைத் தூங்கவைக்கும்போது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, என்னைப் பார்த்துச் சட்டென்று இமையை இறக்குவாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும்தான். ஒரு நாள் சித்தப்பா விறகுக் கட்டோடு வந்தார். அவரைப் பார்த்தும் இமையை இறக்கி, வாயை இழுத்தாற்போல நாக்குத் தடிக்க ஏதோ சொன்னாள். அவர் விறகை அப்படியே போட்டுவிட்டார். இது எப்படி உனக்குத் தெரியும் என்று காது சிவக்கக் கேட்டார். மீதிக் கதையைச் சொல்லுங்க என்றாள் இவள். அதெல்லாம் பொம்பளைங்க கேக்கற கதை இல்ல புள்ள என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தார். போகும்போது தனக்குள் சிரித்துக்கொண்டே போனார்.

இனிமேல் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப்பொழுது.

சின்னம்மா விடியும்போதே வயிறு வலிக்கிறது என்று எழுந்தாள். மாதாந்திர வலியாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தம்பி அழுதுகொண்டிருந்தான். அம்மா ஏதோ கேட்டாள். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், சின்னம்மாவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. வாய் கோணியிருந்தது. என்னவோ சொன்னாள். நாக்கு தடித்து, வார்த்தை குழைந்து வந்தது.

நான் சிரித்தேன். விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா முன்னாலேயே செய்கிற தைரியம் வந்துவிட்டதே என்று சிரித்தேன்.

அம்மா தம்பியைக் கீழே விட்டுவிட்டு அவளை உலுக்கினாள். “ஏம்புள்ள, ஏம்புள்ள, இங்க பாரு.”

“நடிக்கறாங்கம்மா,” என்றேன். “படத்துல வார பேயி. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்.”

“எந்தப் படத்துல?”

இந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். சாக்குத் துளையையும் சொன்னேன், அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டதையும் சொன்னேன். அம்மாவின் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்ததை நான் பார்த்தேன். பயத்தைவிடக் கோபம் அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டாள். பெண்களை அனுப்பிவிட்டு என்ன கண்றாவியைப் பார்த்தீர்கள் என்று ஆரம்பித்தாள். அப்பா முதலில் இல்லை என்றார். பிறகு பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன் என்றார். எதிர்வீட்டு அத்தை வந்தாள். அவளுடைய வீட்டுக்காரரும் போயிருந்தாரா என்று விசாரணை அங்கே நகர்ந்தது. போயிருந்தார். வாசலில் நாலு வீட்டுச் சத்தம் கூடியது. எவ்வளவு நேரம் என்று இன்றைக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அவ்வளவு நேரமும் சின்னம்மா சுவரில் சாய்ந்து, இமை இறங்கி, எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஏதோ சொன்னாள். அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் ஆண்களில் யாராவது ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். படம் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்தது. பார்க்காத பெண்களுக்கு அவமானமாக இருந்தது. அவளுக்கு என்ன என்று கேட்க ஆள் இல்லை.

சித்தப்பா வந்தபோது காப்பி நேரம் தாண்டியிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். அப்படியே இருக்குது, அப்படியே இருக்குது என்று தொடையைத் தட்டினார். அம்மா அவளை நிறுத்தச் சொல்லிக் காப்பியைக் கையில் திணித்தாள். டம்ளர் நழுவியது. அம்மாவே வாயில் வைத்து ஊற்றினாள். காப்பி வாயோரமாக வழிந்து கழுத்தில் இறங்கியது.

சித்தப்பாவின் சிரிப்பு அங்கே நின்றது. கிட்டே போய்க் குந்தி உட்கார்ந்து, கட்டைவிரலால் அவளுடைய ஒரு இமையைத் தூக்கினார். இமை அவர் விரலிலேயே நின்றது. உள்ளே கண் அவரைப் பார்த்தது.

“அண்ணி,” என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது. “இது நடிப்பில்லீங்க.”

கம்பளியில் தூளி கட்டி, மூங்கில் கொடுத்து, மண்பாதையில் ஓடினார்கள். ரோட்டில் அவருடைய ஜீப் நின்றது. அப்பா, அம்மா, கைக்குழந்தையான தம்பி, இன்னும் மூன்று ஆண்கள் ஏறிக்கொண்டார்கள். என்னை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டார்கள். அவர்கள் போன பிறகு அத்தை எங்கள் வீட்டைக் கூட்ட வந்தாள். சின்னம்மாவின் பாயைச் சுருட்டியபோது அடியிலிருந்து கறுப்பாக, பளபளவென்று, வெள்ளைக் கட்டுப் போட்ட ஒன்று மெதுவாக நகர்ந்தது. கட்டுவிரியன். தூக்கத்தில் கடித்தால் எறும்பு கடித்த அளவுக்குக்கூடத் தெரியாது. தடமும் இருக்காது. முதலில் வயிறு வலிக்கும், அப்புறம் இமை விழும், நாக்குத் தடிக்கும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு. இதெல்லாம் நான் பிற்பாடு புத்தகத்தில் படித்தது. அன்றைக்கு அத்தை உலக்கையால் அதை அடித்துக் கொன்றுவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னது வேறு.

“பேயக் கூட்டியாந்து வெச்சுக் கேலி பண்ணுனா? பாம்பு தானா வராது கண்ணு. அனுப்பித்தான் வரும்.”

எழுபது வளைவும் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மூச்சு மெலிந்துவிட்டதாம். ஊசி போட்டார்கள். மூச்சுக்கான மெஷின் ஒன்றுதான் இருந்தது, அது வேறு ஒருவருக்கு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையில் குழாய் விட்டு, கறுப்பு ரப்பர் பை ஒன்றை அதில் மாட்டி, வீட்டார் கையில் கொடுத்தார்கள். அதை அமுக்கினால் அவளுக்குக் காற்று. விட்டால் இல்லை. ஆள் மாற்றி ஆள் அமுக்கினார்கள். முதல் நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, மறுநாள் காலை வரை.

இரண்டாம் நாள் மத்தியானம் அப்பாவும் அந்த மூன்று பேரும் மலைக்குத் திரும்பி வந்தார்கள். அப்பாவின் விரல்கள் மடங்கவில்லை. உப்புப் போட்ட வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஓய்வெடுக்க வரவில்லை. ஊர்ப் பெரியவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருந்தார். எல்லையில் வைத்துச் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. வீட்டுத் தலைவன் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

அந்தக் கேசட்டைச் செம்மேட்டுக் கடையிலிருந்து வாங்கிவந்து எல்லைக்கல்லின் மேல் வைத்தார்கள். அது ஒன்றும் பெரிதாக இல்லை. மேலே ஒட்டியிருந்த காகிதம் கிழிந்து, பெயர்கூட இல்லாமல் இருந்தது. படம் பார்த்தவர்கள் யார் யார் என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுவந்தவன் யார் என்று மட்டும் கேட்டார்கள். ஊர்ப் பெரியவரே மண்ணெண்ணெய் ஊற்றினார். நாடா சுருண்டு சுருண்டு புழுபோல நெளிந்து எரிந்தது. அந்த நாற்றம் மழையில் கரையாமல் ஊருக்குள் தொடர்ந்து வந்தது. எல்லோரும் தலைகுனிந்து நின்றார்கள். நானும் நின்றேன். முகத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான் என்று என் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை சின்னம்மாவின் இடது இமை அசைந்தது. ஐந்தாம் நாள் அவளாக மூச்சு விட்டாள். மலையில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எரித்தது எப்போது, அசைந்தது எப்போது என்று கணக்குச் சொன்னார்கள். ஊசியை யாரும் பேசவில்லை. கறுப்புப் பையையும் யாரும் பேசவில்லை.

சித்தப்பாவை ஊருக்குள் சேர்க்கக் கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. அப்பா தன் தம்பிக்காக ஒரு வார்த்தை பேசிப் பார்த்தார். பேசவிடாமல் தடுத்தது அம்மாதான். அவன் இந்த வீட்டுப் படியேறினால் நான் கிணற்றில் விழுவேன் என்றாள். அவ்வளவு கோபத்தை நான் அவளிடம் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்று ஊரே சொன்னது. சித்தப்பா துணிப்பையோடு மண்பாதையில் இறங்கிப் போனார். சின்னம்மாவை அடுத்த தையில் குண்டனி நாட்டிலேயே வேறு ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். அதற்கப்புறம் அவள் யாரைப் போலவும் செய்து காட்டி நான் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் கண்டு, இரத்தத்தில் அணுக்கள் குறைந்து, நாங்கள் இருக்கும் ஊரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதின்மூன்று வயது. ஏழாம் நாள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். சின்னம்மா மலையிலிருந்து பஸ் ஏறித் துணைக்கு வந்துவிட்டாள். அம்மா என் வீட்டில்தான் இருக்கிறாள். முட்டி வலி, அவளால் வர முடியாது.

அன்று மத்தியானம் தாழ்வாரத்தில் இரும்பு பெஞ்சில் நானும் சின்னம்மாவும் உட்கார்ந்திருந்தோம். ஏழு நாளாக நான் சரியாகப் படுக்கவில்லை. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தது. நான் அதை நினைக்கக்கூட இல்லை, அதுவாக வந்தது.

“ஏதோ ஒண்ணு முடிஞ்சாப் போதும்னு இருக்குது, சின்னம்மா.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பெற்றவள் பேசுகிற பேச்சா என்று அழுதேன். சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை அப்படியே இங்கே தர முடியாது. விட்டுவிட்டுச் சொன்னாள். நடுவே நர்ஸ் வந்தால் நிறுத்திக்கொண்டாள்.

அந்த நாட்களில் அவளுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்ததாம். இமை திறக்காது, விரல் அசையாது. ஆனால் காது திறந்தே இருந்தது. காலையில் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தபோது என் சிரிப்பு கேட்டது. தூளியில் போகும்போது ஆட்களின் மூச்சிரைப்பு கேட்டது. இரண்டாம் நாள் காலையில் அப்பாவும் மற்றவர்களும் மலைக்குக் கிளம்பிப் போனது கேட்டது. மிஞ்சியது அம்மாவும் சித்தப்பாவும். சித்தப்பா பையை அமுக்கிக்கொண்டிருந்தார். தம்பிக்குச் சளி கட்டி இழுத்துக்கொண்டிருந்தது, அம்மாவின் மடியில் கதறினான். ஒரு இளம் டாக்டர் வந்து கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, பாவை அசையவில்லை, நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அம்மாவின் குரல் கேட்டது.

“போதுங்க, கைய எடுத்துருங்க. எம் புள்ளையாவது தங்கட்டும்.”

சின்னம்மா இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் சொன்னாள். முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அவள் ஒருவரைப் போலச் செய்தது அப்போதுதான். தாழ்வாரத்தில் என் முன்னால் அம்மா உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

சித்தப்பா கையை எடுக்கவில்லை. கை நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணி, நீங்க புள்ளையத் தூக்கிட்டுப் போயி டாக்டரப் பாருங்க என்றார். அம்மா போய்விட்டாள். அதன் பிறகு, பொழுது சாய்ந்து மலையிலிருந்து ஆட்கள் திரும்பி வரும்வரை, மாற்றிவிட ஆள் இல்லை. தூங்கிவிடாமல் இருக்க அவர் பேச ஆரம்பித்தார். சாமி பெயரைச் சொன்னார், லாரியில் போன ஊர்களின் பெயர்களைச் சொன்னார். எல்லாம் தீர்ந்தது. கடைசியில் அந்தப் படத்தைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் காட்சியிலிருந்து. ஒரு அமுக்குக்கு ஒரு வரி. ஊஞ்சலுக்கு அடியில் கிடந்த போலீஸ்காரர், கிணற்றுச் சகடை, பூசாரியின் வேட்டி, எனக்குப் புரியாமல் போன வசனங்கள் எல்லாம். நான் பார்க்காத பின்பாதியும். பெண்கள் கேட்கக் கூடாத கதை முழுவதையும், கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவள் காதருகே சொன்னார்.

“உள்ளுக்குள்ள அப்பிடிச் சிரிச்சேன் கண்ணு,” என்றாள் சின்னம்மா. “வெளிய ஒரு மயிரு ஆடல. அடுத்து என்ன, அடுத்து என்னன்னுதான் கெடந்தேன்.”

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். அவரை ஊரைவிட்டுத் துரத்தினார்களே, அவருக்கே உங்களைக் கட்டியிருப்பார்களே என்றேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“அவரு விடாமப் புடிச்சாருன்னு சொன்னா, யாரு விடச் சொன்னான்னு கேப்பாங்கல்ல.”

மகள் பிழைத்துவிட்டாள். பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தோம். ஆனால் நான் இன்னும் அந்த இரும்பு பெஞ்சிலிருந்து எழுந்த பாடில்லை. அம்மாவின் அன்றைய கோபம் என்ன கோபம் என்று இப்போது தெரிகிறது. அவர் கேசட்டைக் கொண்டுவந்தவர் என்பதால் அவரைத் துரத்தவில்லை. அவர் அந்தக் கட்டிலின் பக்கத்தில் இருந்து அம்மா சொன்னதைக் கேட்டவர். அது அம்மாவின் குற்றம் என்று எழுத என் கை வரவில்லை. அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். என்னிடம் கையில் பை இல்லை, அவ்வளவுதான்.

போன வாரம் சித்தப்பாவைப் போய்ப் பார்த்தேன். அடிவாரத்தில், மலை பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். இடத்தைச் சொன்னது சின்னம்மா. அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. தலை முழுக்க நரைத்து, டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்து, உட்காருவதற்கு ஒரு டயரைத் துடைத்துப் போட்டார். குழந்தைகள் எத்தனை என்று விசாரித்தார். நான் சுற்றி வளைக்காமல், சின்னம்மாவுக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது என்றேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நெற்றியெல்லாம் கிரீஸ் அப்பியது.

“அதெல்லாமா கேட்டுச்சு? அந்தப் பூசாரி, அந்த... ஐய, அதெல்லாமா?”

“எல்லாந்தானுங்க. உள்ளுக்குள்ள சிரிச்சாங்களாம்.”

காது சிவந்து, தோள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் சின்ன வயதில் கேட்ட சிரிப்பில் பாதிகூட இல்லை, ஆனாலும் அந்தச் சிரிப்புதான். பக்கத்து டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பிறகு அது நின்றது. ஒரு நொடியில் நின்றது. கையை முகத்திலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார்.

“அப்படின்னா, அண்ணி பேசுனதும் கேட்டிருக்குமே.”

நான் தலையசைத்தேன்.

அவர் ஒரு துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். மலைக்குப் போகிற பஸ் ஒன்று திரும்பி, முதல் வளைவில் மறைந்தது.

“அது கேட்டது அண்ணிக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க, சித்தப்பா.”

“தெரிய வேண்டாம் சாமி. பச்ச ஒடம்புக்காரி, ரெண்டு நாளா ஒரு வாய் சோறு திங்கல. அது அண்ணி பேசுனதில்ல. அசதி பேசுனது. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல, நீயும் சொல்லிப்போடாத.”

வீட்டுக்கு ஒருமுறை வாங்க என்றேன். வாரேன் என்றார். வரமாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

வீடு திரும்பும்போது மாலை ஆகியிருந்தது. மகள் கூடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். கடைக்கு என்றேன். மகளின் மூக்குக்குக் கீழே அம்மா தன் விரலின் பின்புறத்தை வைத்திருந்தாள். எனக்கும் தம்பிக்கும் அவள் இப்படி வைத்துப் பார்ப்பது உண்டு. நாங்கள் வளர்ந்து, எங்களுக்குக் கல்யாணமான பிறகும், தூங்குகிறோம் என்று நினைத்து வைத்துப் பார்ப்பாள். மூச்சுப் பட்டதும் எடுத்துவிடுவாள். அன்று நான் கதவோரம் நின்று அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அம்மா விரலை எடுக்கவில்லை.